முனைவுகளில் பகலும் இரவும்: ஒரு வருடத்தில் ஒரு நாள்



"முனைவுகளில் ஆறு மாதம் பகலும் ஆறு மாதம் இரவும் நிலவுவது ஏன்?" என்று கேட்டால், "புவியின் அச்சு 23½° சாய்ந்திருப்பதால்" என்று உங்களில் பெரும்பாலானோர் ஒரே வரியில் எழுதிவிடுவீர்கள். அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் அது முழு விடையும் அல்ல. அச்சு சாய்ந்திருந்தால் ஏன் ஆறு மாதம் பகல் வரவேண்டும்? ஏன் மூன்று மாதம் அல்ல? வட முனைவில் பகலாக இருக்கும்போது தென் முனைவில் ஏன் இரவு? இவ்வாறு வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. பாடமாக்கிய வரி அங்கே கைகொடுப்பதில்லை.

இப்பாடத்தில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு விடயம்தான். எமக்கு ஒரு நாளைத் தருவது புவி தன்னச்சில் சுழலுதல். முனைவுக்கு ஒரு நாளைத் தருவது புவி சூரியனைச் சுற்றிவருதல். இந்த இரண்டு வசனங்களும் ஏன் உண்மை என்பதை உங்களால் சொல்ல முடிந்தால், எந்த விதமாக வினா வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.

1. முதலில் அக்குறணையிலிருந்து பார்ப்போம்

தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவதே நல்லது. அக்குறணை, மத்திய கோட்டிற்கு வடக்கே சுமார் 7° 22′ அகலக்கோட்டில் அமைந்துள்ளது. இங்கு யூன் 21ஆம் திகதியளவில் சூரியன் காலை 5.53 அளவில் உதித்து மாலை 6.26 அளவில் மறைகிறது. டிசெம்பர் 22ஆம் திகதியளவில் காலை 6.15 அளவில் உதித்து மாலை 5.57 அளவில் மறைகிறது. அதாவது எமது மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 33 நிமிடம். மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 42 நிமிடம். வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

இவை கணிக்கப்பட்ட நேரங்கள். தடையில்லாத அடிவானம் உள்ள இடத்திற்கே அவை பொருந்தும். அக்குறணை மலைகளுக்கு இடையிலான ஊர் என்பதால் கிழக்கே உள்ள மலைகளைத் தாண்டிய பின்னரே வெயில் எமது முற்றத்திற்கு வரும். "சூரியன் உதித்தது" என்பதும் "எமக்குச் சூரியன் தெரிந்தது" என்பதும் ஒன்றல்ல. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நோர்வேக்குச் செல்லும்போது தேவைப்படும்.

இனி அகலக்கோடு கூடக்கூட என்ன நடக்கிறது என்று பாருங்கள். கீழே முதலில் உள்ளது யூன் 21இன் பகல் நேரம்; அடுத்துள்ளது டிசெம்பர் 22இன் பகல் நேரம். எல்லாம் அண்ணளவானவை.

- அக்குறணை (வட 7°): 12 மணி 33 நிமிடம், 11 மணி 42 நிமிடம்
- யாழ்ப்பாணம் (வட 9½°): 12 மணி 41 நிமிடம், 11 மணி 33 நிமிடம்
- இலண்டன் (வட 51½°): 16 மணி 38 நிமிடம், 7 மணி 50 நிமிடம்
- ஒஸ்லோ (வட 60°): 18 மணி 50 நிமிடம், 5 மணி 54 நிமிடம்
- துரொம்சோ, வட நோர்வே (வட 69½°): 24 மணித்தியாலம், சூரியன் உதிப்பதே இல்லை

இந்த வரிசையை மேலிருந்து கீழாக வாசியுங்கள். முனைவில் நடப்பது ஒரு தனி அதிசயம் அல்ல. அக்குறணையில் 50 நிமிட வித்தியாசமாகத் தெரியும் அதே விடயம்தான் வடக்கே போகப் போகப் பெரிதாகி, முனைவில் ஆறு மாதமாக முடிகிறது.

2. அச்சு ஆடுவதில்லை

மாணவர்கள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். யூன் மாதத்தில் வட முனைவு சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்றும், டிசெம்பரில் சூரியனுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்கிறது என்றும் புத்தகத்தில் படிக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு, அச்சு தலையாட்டுவதுபோல் யூனில் ஒரு பக்கமும் டிசெம்பரில் மறுபக்கமும் சாய்கிறது என்று எண்ணிக்கொள்கிறீர்கள். அப்படி நடப்பதில்லை.

வருடம் முழுவதும் அச்சு வானத்தில் ஒரே திசையையே காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வடக்கு நுனி எப்போதும் துருவ நட்சத்திரத்திற்கு அண்மையாகவே நோக்கும். மாறுவது அச்சின் சாய்வு அல்ல. சூரியனைச் சுற்றும் பாதையில் புவி இருக்கும் இடம்தான்.

இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தேவையானவை: ஒரு தோடம்பழம், ஓர் ஈர்க்கு, இரண்டு குண்டூசிகள், ஒரு சிறிய மேசை விளக்கு அல்லது மெழுகுவர்த்தி.

(அ) தோடம்பழத்தின் நடுவே ஈர்க்கைக் குத்துங்கள். இது அச்சு. மேல்நுனிக்கு மிக அருகில் ஒரு குண்டூசியைக் குத்துங்கள். இது வட முனைவில் நிற்பவர். பழத்தின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே மற்றக் குண்டூசியைக் குத்துங்கள். இது அக்குறணையில் நிற்கும் நீங்கள்.

(ஆ) இருட்டான அறையின் நடுவே விளக்கை வையுங்கள். அறையின் கதவை அடையாளமாகக் கொள்ளுங்கள். ஈர்க்கின் மேல்நுனி எப்போதும் கதவுப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். விளக்கைச் சுற்றிவரும்போது இந்தச் சாய்வை மாற்றவே கூடாது.

(இ) விளக்கு உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும்படி நில்லுங்கள். இப்போது மேல்நுனி விளக்கை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பழத்தை ஈர்க்கோடு சேர்த்துச் சுழற்றுங்கள். அக்குறணை ஊசி வெளிச்சத்திற்கு வரும், இருளுக்குப் போகும், மீண்டும் வரும். முனைவு ஊசியோ எவ்வளவு சுழற்றினாலும் வெளிச்சத்திலேயே நிற்கும். இது யூன்.

(ஈ) சாய்வை மாற்றாமல் விளக்கின் மறுபக்கம், அதாவது கதவுப் பக்கம் வாருங்கள். மேல்நுனி இப்போதும் கதவையே நோக்குகிறது. ஆனால் விளக்கு அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. சுழற்றுங்கள். அக்குறணை ஊசிக்கு முன்போலவே பகலும் இரவும் மாறி மாறி வரும். முனைவு ஊசி எவ்வளவு சுழற்றினாலும் இருளிலேயே நிற்கும். இது டிசெம்பர்.

செய்ததைக் கவனியுங்கள். ஈர்க்கின் சாய்வை நீங்கள் மாற்றவில்லை. நீங்கள் இடம் மாறினீர்கள், அவ்வளவுதான். சுழற்றியதால் அக்குறணைக்குப் பகலும் இரவும் வந்தன. சுற்றிவந்ததால் முனைவுக்குப் பகலும் இரவும் வந்தன.

3. வருடத்தின் நான்கு நாட்கள்

(1) மார்ச் 21 அளவில்: சூரியன் மத்திய கோட்டிற்கு உச்சி கொடுக்கிறது. இது சம இராக்காலம். உலகெங்கும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். வட முனைவில் சூரியன் உதிக்கிறது. தென் முனைவில் மறைகிறது.

(2) யூன் 21 அளவில்: சூரியன் கடகக் கோட்டிற்கு (வட 23½°) உச்சி கொடுக்கிறது. வட முனைவில் சூரியன் அதன் அதிகூடிய உயரத்தில் நிற்கிறது. ஆட்டிக் வட்டத்திற்கு (வட 66½°) வடக்கே எங்கும் இரவு இல்லை. அந்தாட்டிக் வட்டத்திற்குத் தெற்கே எங்கும் பகல் இல்லை.

(3) செப்டெம்பர் 23 அளவில்: மீண்டும் சம இராக்காலம். வட முனைவில் சூரியன் மறைகிறது. தென் முனைவில் உதிக்கிறது.

(4) டிசெம்பர் 22 அளவில்: சூரியன் மகரக் கோட்டிற்கு (தென் 23½°) உச்சி கொடுக்கிறது. யூனில் நடந்ததன் நேர்மாறு நடக்கிறது.

மார்ச் 21இலிருந்து செப்டெம்பர் 23 வரை எண்ணிப் பாருங்கள்: 186 நாட்கள். செப்டெம்பர் 23இலிருந்து மார்ச் 21 வரை சாதாரண வருடத்தில் 179 நாட்கள். ஆகவே வட முனைவின் பகல் தென் முனைவின் பகலைவிட ஏறத்தாழ ஒரு வாரம் நீண்டது. காரணம், யூலை மாதத் தொடக்கத்தில் புவி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் (சுமார் 15 கோடி 21 இலட்சம் கிலோமீற்றர்) இருக்கிறது. அப்போது தன் பாதையில் சற்று மெதுவாகச் செல்கிறது. யனவரித் தொடக்கத்தில் மிக அண்மையில் (சுமார் 14 கோடி 71 இலட்சம் கிலோமீற்றர்) இருக்கிறது; அப்போது விரைவாகச் செல்கிறது.

இதிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. வட அரைக்கோளத்தின் கோடை, புவி சூரியனுக்குத் தொலைவில் இருக்கும்போதே வருகிறது. எனவே "சூரியனுக்கு அண்மையில் வருவதால் கோடை உண்டாகிறது" என்று எழுதினால் புள்ளி கிடைக்காது.

4. ஒரே விதி, எல்லா இடத்திற்கும்

கணித பாடத்தில் ஏற்றக்கோணம் படித்திருக்கிறீர்கள். நண்பகலில் சூரியனின் ஏற்றக்கோணத்தைக் காண ஓர் எளிய விதி உண்டு.

*நீங்கள் நிற்கும் அகலக்கோட்டிற்கும் சூரியன் உச்சி கொடுக்கும் அகலக்கோட்டிற்கும் இடையிலுள்ள பாகைகளை 90°இலிருந்து கழியுங்கள்.*

அக்குறணைக்கு டிசெம்பர் 22இல்: நாம் வடக்கே 7°, சூரியன் தெற்கே 23½°. இடைவெளி 30½°. விடை 90° − 30½° = 59½°. தெற்கு வானில் சூரியன் சற்றுச் சரிந்து நிற்கும்.

அக்குறணைக்கு யூன் 21இல்: இரண்டும் வடக்கே. இடைவெளி 23½° − 7° = 16½°. விடை 73½°. இம்முறை சூரியன் வடக்கு வானில் நிற்கும். நண்பகலில் உங்கள் நிழல் தெற்கே விழுவதைப் பார்க்கலாம். ஏப்ரல் 8ஆம் திகதியளவிலும் செப்டெம்பர் 3ஆம், 4ஆம் திகதிகளிலும் சூரியன் அக்குறணைக்கு நேர் உச்சியில் வரும். அப்போது நிழல் காலடியிலேயே கிடக்கும்.

வட முனைவுக்கு யூன் 21இல்: முனைவு 90°, சூரியன் வடக்கே 23½°. இடைவெளி 66½°. விடை 23½°. முனைவில் சூரியன் இதற்குமேல் உயர்வதே இல்லை. எமக்குக் காலை ஏழரை மணியளவில் சூரியன் நிற்கும் உயரத்தை ஒத்த உயரம்தான் அங்கு அதிகூடியது.

துரொம்சோவுக்கு டிசெம்பர் 22இல்: நகரம் வடக்கே 69½°, சூரியன் தெற்கே 23½°. இடைவெளி 93°. விடை 90° − 93° = −3°. விடை மறைப் பெறுமானமாக வந்துவிட்டது. அதன் பொருள், நண்பகலிலும் சூரியன் அடிவானத்திற்கு 3° கீழே நிற்கிறது என்பதே. இதுவே முனைவு இரவு.

ஆட்டிக் வட்டம் ஏன் 66½°இல் வரையப்பட்டது என்பதும் இப்போது விளங்கும். டிசெம்பர் 22இல் விடை சரியாகப் பூச்சியம் வரும் இடம் அது: 66½° + 23½° = 90°.

5. முனைவில் நிற்பவர் என்ன காண்பார்?

அக்குறணையில் சூரியன் கிழக்கில் ஏறக்குறைய நிமிர்ந்து ஏறி, மேற்கில் நிமிர்ந்து இறங்குகிறது. மறைந்த பின் இருபது இருபத்தைந்து நிமிடங்களில் இருட்டிவிடுகிறது.

முனைவில் சூரியன் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை என்று சொல்லுமளவுக்கு, அடிவானத்திற்குச் சமாந்தரமாக 24 மணித்தியாலத்தில் ஒரு வட்டம் வருகிறது. அறையின் நான்கு சுவர்களிலும் ஒரே உயரத்தில் ஒரு விளக்கைக் கொண்டுசென்றால் எப்படியோ அப்படி. அந்த வட்டம் மார்ச்சில் அடிவானத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் மெல்ல உயர்ந்து, யூனில் 23½°ஐ அடைந்து, பின்னர் அதேபோல் மெல்லத் தாழ்ந்து செப்டெம்பரில் அடிவானத்தைத் தொடும். ஒரு வருடத்தில் ஒரு சூரிய உதயம், ஒரு சூரிய அஸ்தமனம். அதனால்தான் முனைவுக்கு வருடம் என்பதே ஒரு நாள்.

வட முனைவில் நிற்பவருக்குக் கிழக்கும் மேற்கும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கே. நெடுங்கோடுகள் எல்லாம் அங்கே ஒன்றுசேர்வதால் சூரியனைப் பார்த்து மணி சொல்லவும் முடியாது. தென் முனைவில் உள்ள ஐக்கிய அமெரிக்காவின் அமுண்ட்சன்-ஸ்கொட் ஆய்வு நிலையத்தில் நியூசிலாந்தின் நேரமே பயன்படுத்தப்படுகிறது. அங்கு செல்வதற்கான விமானங்கள் நியூசிலாந்திலிருந்து புறப்படுவதே அதற்குக் காரணம்.

அந்த நிலையத்தின் பெயருக்குரிய இருவரையும் வரலாற்றில் கேள்விப்பட்டிருப்பீர்கள். நோர்வேயின் ருவால்ட் அமுண்ட்சன் தென் முனைவை அடைந்தது 1911 டிசெம்பர் 14. பிரித்தானியாவின் ரொபேட் ஸ்கொட் அடைந்தது 1912 யனவரி 17. இருவரும் டிசெம்பர், யனவரி மாதங்களில் அங்கு நின்றது தற்செயல் அல்ல. தென் முனைவில் அப்போது பகல். யூன் மாதத்தில் போயிருந்தால் இருளும் கடுங்குளிருமே இருந்திருக்கும்.

6. எல்லா இடத்திலும் ஆறு மாதமா?

இல்லை. சரியாக ஆறு மாதம் என்பது முனைவுக்கு மட்டுமே உரியது. ஆட்டிக் வட்டத்தில் வருடத்தில் ஏறத்தாழ ஒரு நாள்தான் சூரியன் மறையாதிருக்கும். வடக்கே போகப் போக அந்த ஒரு நாள் வாரங்களாகி, மாதங்களாகும்.

துரொம்சோ நகரில் மே 20 அளவிலிருந்து யூலை 22 அளவு வரை, சுமார் இரண்டு மாதம் சூரியன் மறைவதில்லை. நள்ளிரவிலும் தெரியும் இதனை நள்ளிரவுச் சூரியன் என்பர். நவம்பர் இறுதியிலிருந்து யனவரி நடுப்பகுதிவரை சூரியன் உதிப்பதில்லை. கணக்கின்படி யனவரி 15 அளவில் சூரியன் திரும்பிவர வேண்டும். ஆனால் அக்குறணையைப் போலவே துரொம்சோவையும் மலைகள் சூழ்ந்திருப்பதால், நகர மக்கள் யனவரி 21 அளவிலேயே அதைக் காண்கின்றனர். அந்த நாளைச் "சூரிய நாள்" என்று பிள்ளைகளும் பெரியவர்களும் கொண்டாடுகின்றனர். எமக்கு நாள்தோறும் கிடைக்கும் ஒன்றை அவர்கள் இரண்டு மாதம் காத்திருந்து வரவேற்கிறார்கள்.

இது எமக்குச் சம்பந்தமில்லாத தூரதேசக் கதை அல்ல. 1980களில் இலங்கையிலிருந்து நோர்வே சென்ற தமிழர் பலர், நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியின் கடற்கரை ஊர்களில் குடியேறி மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்தனர். அவ்வூர்கள் துரொம்சோவைவிடவும் வடக்கே, சுமார் 70° அகலக்கோட்டிற்கு அண்மையில் உள்ளவை. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக உள்ள யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள், டிசெம்பரில் சூரியன் இல்லாத காலையில் வேலைக்குப் போய், யூனில் தடித்த திரைச்சீலை போட்டு உறங்கப் பழகினார்கள். நீங்கள் புத்தகத்தில் கோடு கீறிப் படிக்கும் 66½° அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை.

முஸ்லிம் மாணவர்களுக்கு இன்னொரு கேள்வி எழும். 2015ஆம் ஆண்டு ரமழான் யூன், யூலை மாதங்களில் வந்தது. அக்குறணையில் அப்போது நோன்பு நேரம் 14 மணித்தியாலத்திற்குச் சற்றுக் குறைவு. சூரியனே மறையாத துரொம்சோவில் எப்போது நோன்பு திறப்பது? அங்கு வாழும் முஸ்லிம்களில் பலர் மக்கா நகரின் நேர அட்டவணையைப் பின்பற்றி நோன்பு நோற்றனர். சூரியன் நேரம் காட்டாத இடத்தில், சூரியன் நேரம் காட்டும் ஓர் ஊரின் அட்டவணையை எடுத்துக்கொண்டனர்.

இந்தியாவின் ஆய்வு நிலையங்களும் நல்ல உதாரணங்கள். அந்தாட்டிக்காவில் 1989இல் அமைக்கப்பட்ட மைத்ரி நிலையம் தென் 70° 46′இல் உள்ளது. அங்கு மே பிற்பகுதியிலிருந்து யூலை பிற்பகுதிவரை சுமார் இரண்டு மாதம் சூரியன் தெரியாது. வடக்கே, சுவால்பாட் தீவுகளின் நை-ஆலசுண்ட் என்னுமிடத்தில் 2008 யூலை மாதம் ஹிமாத்ரி நிலையம் திறக்கப்பட்டது. அது ஏறக்குறைய வட 79°. அங்கு ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதிவரை, அதாவது நான்கு மாதங்களுக்குச் சற்றுக் குறைவாக, சூரியன் உதிப்பதில்லை. 2023 டிசெம்பரில் இந்தியா தனது முதலாவது குளிர்கால ஆட்டிக் ஆய்வுக் குழுவை அங்கு அனுப்பியது. அந்த நீண்ட இரவில் ஆய்வு செய்வதற்காகவே அக்குழு சென்றது.

70°இல் இரண்டு மாதம், 79°இல் ஏறத்தாழ நான்கு மாதம், 90°இல் ஆறு மாதம். இந்த மூன்றையும் விடையில் எழுதினால் நீங்கள் விளங்கிப் படித்தவர் என்பது தெரியும்.

7. ஆறு மாத இரவு என்பது ஆறு மாத இருள் அல்ல

சூரியன் மறைந்த உடனே இருட்டுவதில்லை. சூரியன் அடிவானத்திற்குக் கீழே 18° இறங்கும்வரை வானில் ஏதோவொரு அளவு அந்தி ஒளி இருக்கும். அக்குறணையில் சூரியன் நேராக இறங்குவதால் இந்த 18°ஐக் கடக்க ஒரு மணித்தியாலத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரமே போதும். முனைவில் அது நாளுக்கு அரைப் பாகையும் இறங்காததால் வாரக்கணக்காகிறது.

வட முனைவில் செப்டெம்பர் இறுதியில் சூரியன் மறைந்தாலும், நவம்பர் நடுப்பகுதிவரை அந்தி ஒளி சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டிருக்கும். யனவரி இறுதியில் மீண்டும் ஒளி தோன்றத் தொடங்கும். ஆகவே முழு இருள் சுமார் 11 வாரம் மட்டுமே. துரொம்சோவில் டிசெம்பர் நண்பகலிலும் சூரியன் 3° மட்டுமே கீழே இருப்பதால், சில மணித்தியாலங்கள் நீல நிற மங்கிய ஒளி கிடைக்கும்.

முழு இருள் வாரங்களிலும் சந்திரன் உண்டு. முழுநிலாவின்போது சந்திரன் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும். குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்திற்குக் கீழே இருப்பதால், முழுநிலா அடிவானத்திற்கு மேலே வந்துவிடும். அதனால் முனைவு இரவில் ஒவ்வொரு மாதமும் சுமார் இரண்டு வாரம் சந்திரன் மறையாமலேயே வானைச் சுற்றிவரும்.

இன்னொன்று. வளிமண்டலம் ஒளியை வளைப்பதால், சூரியன் உண்மையில் அடிவானத்திற்குச் சற்றுக் கீழே இருக்கும்போதே எமது கண்ணுக்குத் தெரிகிறது. இதனால் வட முனைவில் சூரியன் மார்ச் 21க்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னரே தெரியத் தொடங்கி, செப்டெம்பர் 23க்கு இரண்டு நாட்கள் பின்னர்வரை தெரியும்.

8. நாள் முழுவதும் வெயில் இருந்தும் ஏன் குளிர்?

இது பகுத்தறிந்து எழுத வேண்டிய வினா. மூன்று காரணங்களை வரிசையாக எழுதுங்கள்.

(1) சூரியக் கதிர்கள் சரிவாக விழுகின்றன. ஒரே அளவு வெப்பம் கூடிய பரப்பில் பரவுவதால் ஒரு சதுர மீற்றருக்குக் கிடைப்பது குறைகிறது.

(2) சரிவாக வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் நீண்ட தூரம் செல்வதால் வழியிலேயே ஒரு பகுதியை இழக்கின்றன.

(3) புதிய பனி, தன்மேல் விழும் ஒளியில் 80 வீதத்திற்கு மேற்பட்டதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சும் வெப்பத்திலும் பெரும்பகுதி பனியை உருக்குவதிலேயே செலவாகிறது.

9. அடிக்கடி நேரும் பிழைகள்

- "யூனில் அச்சு சூரியன் பக்கம் திரும்புகிறது" என எழுதாதீர்கள். "அச்சின் திசை மாறாமல் இருக்க, புவி தன் பாதையில் இடம் மாறுவதால் வட முனைவு சூரியனை நோக்கி அமைகிறது" என எழுதுங்கள்.
- "முனைவுப் பிரதேசம் முழுவதும் ஆறு மாதம் பகல்" என எழுதாதீர்கள். முனைவில் மட்டுமே ஆறு மாதம்.
- இரு முனைவுகளிலும் ஒரே காலத்தில் பகல் என எழுதாதீர்கள். ஒன்றில் பகலாயின் மற்றதில் இரவு.
- 66½°ஐயும் 23½°ஐயும் மாற்றி எழுதாதீர்கள். இரண்டையும் கூட்டினால் 90° வரும் என்பதை ஞாபகக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

10. மாதிரி வினாவும் விடையும்

*வினா:* முனைவுகளில் ஏறத்தாழ ஆறு மாதம் தொடர்ச்சியாகப் பகல் நிலவுவதை விளக்குக. (4 புள்ளிகள்)

*விடை:* புவியின் அச்சு, அது சூரியனைச் சுற்றும் தளத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து 23½° சாய்ந்துள்ளது. புவி சூரியனைச் சுற்றிவரும்போது அச்சின் திசை மாறுவதில்லை. இதனால் வருடத்தின் ஒரு பாதியில் ஒரு முனைவு சூரியனை நோக்கியும் மறுபாதியில் எதிர்ப்புறமாகவும் அமைகிறது. முனைவு அச்சின் நுனியிலேயே இருப்பதால் புவி சுழன்றாலும் அது ஒளிப்பகுதியிலிருந்து இருட்பகுதிக்குச் செல்வதில்லை. எனவே வட முனைவில் மார்ச் 21 முதல் செப்டெம்பர் 23 வரை தொடர்ச்சியாகப் பகலும், அதே காலத்தில் தென் முனைவில் தொடர்ச்சியாக இரவும் நிலவும்.

*நீங்களே செய்து பாருங்கள்:*

(1) அச்சு சாயாமல் நிமிர்ந்திருந்தால் அக்குறணையின் பகல் நேரத்திலும் முனைவின் பகல் நேரத்திலும் என்ன மாற்றம் ஏற்படும்?

(2) நான்காம் பகுதியில் தந்த விதியைக் கொண்டு, யாழ்ப்பாணத்தில் டிசெம்பர் 22 நண்பகலில் சூரியனின் ஏற்றக்கோணத்தைக் காண்க.

(3) மைத்ரி நிலையத்தில் டிசெம்பர் மாத நள்ளிரவில் சூரியன் தெரியுமா? காரணம் தருக.

(4) அக்குறணையில் யூன் மாத நண்பகலில் நிழல் எத்திசையில் விழும்? டிசெம்பரில் எத்திசையில் விழும்? முற்றத்தில் ஒரு தடியை நட்டு, இரு மாதங்களிலும் குறித்துப் பார்த்து விடை எழுதுக.

நான்காவது வினாவை மட்டும் புத்தகத்தைப் பார்த்து எழுத வேண்டாம். தடி நட்டுக் குறித்த பிறகே எழுதுங்கள். அந்த நிழல் ஆறு மாதத்தில் நகரும் தூரத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கு, முனைவின் ஆறு மாதப் பகலைப் பாடமாக்க வேண்டிய தேவை இராது.